தள்ளுபடிச் சீட்டு

பாண்டி பஜாரின் அந்தப் பெரிய ஜவுளிக்கடையில் சேலை விரிப்பதில் தனபாலனை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரே உதறலில் முந்தானை போய் எதிரே இருப்பவர் மடியில் விழும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருஷம்தான் அவனுக்கு அந்தக் கேடு வந்தது. வீட்டில் படுத்தால் தெருவுக்கே கேட்கும் குறட்டை. கடையிலோ, விரித்த சேலை மேலேயே தூங்கி விழுவான்.

ஆடிக் கூட்டத்தில் ஒருநாள் அப்படித்தான் கண் அசந்தான். மேற்பார்வைக்கு நின்ற பொன்ராஜ், முதலாளியின் தங்கை மகன், துணியில் குத்துகிற 'ஆடித் தள்ளுபடி' சீட்டு ஒன்றை எடுத்து அவன் சட்டையில் குத்திவிட்டான்.

"பாதி விலைக்குத் தாரோம், யாருக்கு வேணும்?" என்றான்.

கடையே சிரித்தது. தனபாலன் கண்ணைத் திறந்தால், கல்யாணச் சேலை எடுக்க வந்த அவனுடைய மச்சினி வீட்டார் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

நியாயமாக அவன் பொன்ராஜின் பல்லை உடைத்திருக்க வேண்டும். கோபமே வரவில்லை, அதுதான் கொடுமை. சீட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த சேலையை விரித்தான். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை, பேச்சும் குறைந்தது. மாம்பலம் ஸ்டேஷனில் உட்கார்ந்து தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று யாரோ சொல்ல, அவன் மனைவி முத்துலட்சுமி பயந்துபோனாள். மயிலாப்பூரில் தொண்டை டாக்டர் சுந்தரராமனிடம் அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

"குறட்டை விடுதாவ, திடீர்னு மூச்சு நின்னு போவுது. அப்புறம் திணறி எந்திரிக்காவ. பகல்ல பொணமா நடமாடுதாவ."

"ராத்திரி பூரா மூச்சுக்குப் போராடினா பகல்ல மனசு எப்படிம்மா நன்னா இருக்கும்?" என்றார் டாக்டர்.

வீங்கிக் கிடந்த டான்சிலை அறுத்து எடுத்தார். உடம்பைக் குறைக்கச் சொன்னார். மல்லாந்து படுக்காமலிருக்க பனியன் முதுகில் ஒரு டென்னிஸ் பந்தைத் தைத்துக்கொள்ளச் சொன்னார்.

தூக்கம் வந்தது. பசி வந்தது, பேச்சு வந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது கோபம். சேர்த்து வைத்த கோபம் ஒரே காலையில் குபுகுபுவென்று பொங்க, தனபாலன் அந்தச் சீட்டைத் தேடி எடுத்தான். அன்று முதல் அது அவன் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை.

காத்திருந்தது வீண் போகவில்லை. பொன்ராஜ் நாளுக்கு நாள் பெருத்தான். மறு ஆடியில், கடை நிறையக் கூட்டம் இருக்க, கல்லாவில் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டான். தனபாலன் நிதானமாக நடந்து போய் அவன் நெஞ்சில் சீட்டைக் குத்தினான். கடை சிரித்தது. அந்தச் சிரிப்பு அவனுக்குத் தேனாக இனித்தது.

பொன்ராஜ் திணறி விழித்தான். சீட்டைப் பார்த்தான், தனபாலனைப் பார்த்தான். கழற்றக்கூட இல்லை.

"கெடக்கட்டும்லே," என்றான். "எதுலயும் மனசு ஓடமாட்டேங்கு. ஏன்தான் எந்திரிக்கோம்னு இருக்கு."

போன வருஷத்துத் தனபாலனின் குரலேதான் அது. அவமானம்கூட உறைக்காத ஆளைக் குத்தி என்ன பிரயோசனம்? படுபாவி இதிலும் ஏமாற்றிவிட்டான்.

"எந்திரியும் அண்ணாச்சி."

"எங்கலே?"

"மயிலாப்பூருக்கு. தொண்டை டாக்டரப் பாக்க."

"எனக்கு எதுக்குலே தொண்டை டாக்டர்?"

தனபாலன் சீட்டைக் கழற்றி, குண்டூசியோடு திரும்பப் பையில் வைத்துக்கொண்டான்.

"உமக்கு முதல்ல ரோஷம் வரட்டும். வந்த அன்னைக்கு இதைத் திரும்பக் குத்துதேன்."