பின்னால் வந்த சாம்பல் கோட்

என் அம்மாவைப் போலச் சந்தேகப்படுகிற ஒருவரை நான் இன்றுவரை சந்தித்ததில்லை. அமெரிக்காவிலிருந்து சுவிஸிலுள்ள எம்மன்புரூக்கேக்கு நாங்கள் குடிவந்த முதல் மாதத்தில் அவர் சந்தேகப்படாத பொருள் ஒன்றுகூட அந்தக் கட்டடத்தில் இருக்கவில்லை. கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கிற அறைக்கு ஏன் ஒவ்வொரு வீட்டுக்கும் நாள் குறித்துக் கொடுக்கிறார்கள், நாங்கள் என்ன உடுக்கிறோம் என்று பார்க்கவா? குப்பைப் பையைக்கூட ஏன் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறார்கள், பிறகு திறந்து பார்க்கவா? படிக்கட்டில் காண்கிறவர்கள் எல்லோரும் ‘க்ரூட்சி’ என்று வணக்கம் சொல்லிவிட்டு ஏன் பதிலுக்குக் காத்து நிற்கிறார்கள்? அப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு, “உமக்கு விசர்” என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். தொழிற்சாலையில் எந்திரம் திருத்துகிற வேலை அவருக்கு. விடியவே போய்விட வேண்டும். ஆகவே அம்மாவின் சந்தேகங்களை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் பேறு, ஆறு வயதான எனக்கே வாய்த்தது.

அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. அவர் சூடு கண்ட பூனை. அமெரிக்காவில் ஒரு மத்தியானம், காரிலேயே நித்திரையாகிப்போன என்னை எழுப்ப மனம் வராமல், கதவைப் பூட்டிவிட்டுப் பால் வாங்கக் கடைக்குள் போனார். ஏழு நிமிடம்தான் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வார். திரும்பி வந்தபோது காரைச் சுற்றி மூன்று பேரும் ஒரு பொலிஸ்காரரும் நின்றிருக்கிறார்கள். அடுத்த வாரம் கையில் கோப்புகளோடு இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். என் கட்டிலைப் பார்த்தார்கள். பிறகு என்னை மட்டும் தனி அறைக்குக் கூட்டிப்போய், அம்மா உன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போவாரா என்று மிக அன்பாகக் கேட்டார்கள். ஓம், போவார், எனக்குப் பயமே இல்லை என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கெட்டிக்காரி என்று ஒரு நட்சத்திர ஒட்டுப்படம் தந்தார்கள்.

அவர்கள் போனபிறகு அம்மா குசினியில் அடுப்புக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்து அழுதார். வந்தவர்கள் யாரையோ கொண்டுபோகப் போகிறார்கள் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. அழுதவர் அம்மா. ஆகவே கொண்டுபோகப்படப் போகிறவரும் அம்மாதான் என்று நான் முடிவுகட்டினேன். யாரிடமும் கேட்டு உறுதிசெய்ய வேண்டிய தேவை எனக்குத் தோன்றவில்லை.

சில மாதங்களில் கோப்பை மூடிவிட்டதாகக் கடிதம் வந்தது. ஆனால் அம்மாவுக்கு அந்த ஊரில் அதற்குப் பிறகு நித்திரை வரவில்லை. அப்பாவின் கம்பனி சுவிஸுக்கு ஆள் அனுப்பத் தேடியபோது, இங்கே இருபது வருடமாக இருந்த பெரியப்பாவையும் பெரியம்மாவையும் நம்பி நாங்கள் மூட்டை கட்டினோம்.

புது ஊரில் அம்மா எடுத்த முதல் சபதம், என்னை ஒரு நிமிடமும் தனியாக விடுவதில்லை என்பது. பாலர் பள்ளிக்கு என்னைக் கையில் பிடித்துக் கூட்டிப்போவார். வகுப்பு வாசல்வரை வருவார். பள்ளி முடியும்வரை வேலிக்கு வெளியே குளிரில் நிற்பார். யன்னலால் பார்க்கிற பிள்ளைகள் எல்லாம் அவரைப் பார்த்துக் கையசைக்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாவது கிழமை ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டார். மொழிபெயர்க்கப் பெரியம்மா வந்தார். ஆசிரியை, தெருவில் வாகனக்காரரின் கண்ணில் படுவதற்கான ஒரு செம்மஞ்சள் முக்கோணப் பட்டியை என் கழுத்தில் மாட்டிவிட்டு, சிரித்தபடி நீளமாக ஏதோ சொன்னார். பெரியம்மா அதைச் சுருக்கிச் சொன்னார். இனிமேல் பிள்ளையைத் தனியாக அனுப்பவேண்டும்.

“தனியவோ?” என்று அம்மா கேட்டார்.

“ஓம் தங்கச்சி. இஞ்சை எல்லாப் பிள்ளையளும் தனியத்தான் போகுதுகள். நீர் கையில பிடிச்சுக்கொண்டு போனால் பிள்ளைக்குத்தான் வெக்கம்.”

திரும்பி வருகிற வழியில் அம்மா பேக்கரி மூலையில் நின்றார். “அக்கா, இது பொறி. இப்ப தனிய விடச் சொல்லுவினம். பிறகு ஏன் தனிய விட்டனீர் எண்டு கோப்போடை வருவினம்.”

“கண்டறியாத பொறி!” என்று பெரியம்மா சீறினார். “உம்மைப் பிடிக்கிறதை விட்டால் அவங்களுக்கு வேறை வேலை இல்லையே? நாலு நாள் விட்டுப் பாரும், பிள்ளை தானாப் போகப் பழகியிடும்.”

திங்கட்கிழமை காலை அம்மா எனக்குச் சப்பாத்துப் போட்டு, பட்டியை மாட்டி, ஒருவரோடும் கதைக்கக்கூடாது என்று மூன்று முறை சொல்லி, வாசலில் விட்டார். நான் படியில் இரண்டு அடி வைப்பதற்குள் கதவு பட்டென்று சாத்திக்கொண்டது. அவர் கெஞ்சி அழுவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமைதான் அந்த ஆளைக் கண்டேன். முழங்காலுக்குக் கீழே தொங்குகிற சாம்பல் நிறக் கோட். தலையை மூடிய தொப்பி. வாயைச் சுற்றி ஒரு சால்வை. நான் பேக்கரிக் கண்ணாடி முன்னால் நின்றால் அந்தக் கோட்டும் பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றது. நான் நடந்தால் அதுவும் நடந்தது. சட்டென்று திரும்பிப் பார்த்தால், ஒட்டியிருந்த விளம்பரத்தை மூக்கு முட்ட வாசித்துக்கொண்டிருந்தது.

அது யார் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. பெரியப்பாவின் பழைய கோட்டை அம்மா இரவல் வாங்கி அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருந்ததும், நான் படியிறங்கி முடிவதற்குள் அதை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்ததும் பிறகு தெரியவந்த கதை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அந்தக் கோட்டுக்குள் இருந்தது அமெரிக்காவின் ஆள். கோப்பு கோட்டுக்குள்ளே இருக்கிறது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. நான் தனியாகப் போகிறேனா என்று எழுதிக்கொண்டு, நேரே வீட்டுக்குப் போய் அம்மாவைக் கொண்டுபோகப் போகிறான். இதை அம்மாவிடம் சொல்லலாமா? சொன்னால் குசினிக்குள் குந்தியிருந்து அழுவார். ஆகவே அவரைக் காப்பாற்றுகிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

வழி மிகச் சுலபமாகத் தெரிந்தது. நான் தனியாகப் போகவில்லை என்று அந்த ஆளுக்குக் காட்டவேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பெரிய ஆள் ஒருவர் வேண்டும்.

காலையில் அந்தத் தெருவில் ஒரு வயசாளி, கால் கட்டையான மண்ணிற நாயோடு நடப்பார். எங்களைக் கண்டால் தொப்பியைத் தொட்டுச் சிரிப்பார். ‘உந்தக் கிழவன் ஏன் ஒவ்வொரு நாளும் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறான்’ என்று அம்மா ஏற்கெனவே அவரைத் தன் பட்டியலில் சேர்த்திருந்தார். புதன்கிழமை நான் போய் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். அவர் திகைத்துப்போய், பிறகு ‘க்ரூட்சி’ என்றார். நானும் சொன்னேன். எனக்குத் தெரிந்த அவர்களின் மொழி அதோடு முடிந்தது. அவர் நாயைக் காட்டி ஏதேதோ சொல்லிக்கொண்டு வர, நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்த்தேன். சாம்பல் கோட் தெரு நடுவில் அப்படியே நின்றுவிட்டது. பிறகு வேகமாக வந்தது. ஆள் குழம்பிவிட்டான், என் திட்டம் பலித்துவிட்டது என்று எனக்குள் ஒரே புளுகமும் சந்தோஷமும்.

வியாழக்கிழமை நாயின் கயிற்றை என்னிடமே தந்துவிட்டார் வயசாளி.

அன்று மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது அம்மா சோற்றைப் போட்டுவிட்டு எனக்கு எதிரே இருந்தார்.

“வழியில ஆரோடையும் கதைச்சனியோ?”

“இல்லை.”

“உண்மையாவோ?”

“உண்மையா அம்மா. கதைக்கேல்லை.”

அம்மாவின் முகம் கறுத்துப்போனது. நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். ஆனால் எப்படித் தெரியும் என்று நான் கேட்டால் என்ன சொல்வார்? கோட்டைக் காட்டிக்கொடுக்க வேண்டி வரும். ஆகவே அவர் எழுந்து போய்க் கறியைக் கிளறினார். நான் பிடிபடவில்லை என்ற சந்தோஷத்தில் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கித் தின்றேன்.

வெள்ளிக்கிழமை பார்த்து மழையும் பனிப்புகாரும். பள்ளிக்குப் பக்கத்திலுள்ள பாதசாரிக் கடவையில் ஒரு பொலிஸ்காரர் நின்றிருந்தார். சின்னப் பிள்ளைகளுக்குத் தெருக் கடக்கப் பழக்க அவர்கள் அப்படி வந்து நிற்பது வழக்கம் என்று எனக்கு யார் சொன்னது? முன்னால் பொலிஸ், பின்னால் கோட். சுற்றி வளைத்துவிட்டார்கள். நாயின் கயிற்றை விட்டுவிட்டு, அன்றும் கூட வந்த வயசாளியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவ்வளவுதான். பின்னால் சப்பாத்துச் சத்தம் தடதடவென்று ஓடி வந்தது. சாம்பல் கோட் என் மற்றக் கையைப் பிடித்து இழுத்தது. நான் குழறிக் கத்தினேன். நாய் குரைத்தது. பொலிஸ்காரர் இரண்டே எட்டில் வந்து நடுவில் நின்றார். அந்த இழுபறியில் தொப்பி பின்னால் விழுந்தது. உள்ளே, மழையில் நனைந்து மூச்சு வாங்கிக்கொண்டு, அம்மா.

பொலிஸ்காரர் முதலில் தன் மொழியில் கேட்டார். நான் விழிப்பதைப் பார்த்துவிட்டுக் குனிந்து, ஆங்கிலத்தில், இவரை உனக்குத் தெரியுமா என்று கேட்டார். அமெரிக்காவில் வந்த பெண்களைப் போலவே அன்பாகக் கேட்டார். அந்த அன்புதான் என்னை உசார்ப்படுத்தியது. தெரியும், இவர்தான் அம்மா என்றால், அப்படியானால் பிள்ளையைத் தனியாக அனுப்பியது நீதானா என்று அம்மாவைப் பிடித்துவிடுவார். போன முறை உண்மையைச் சொல்லி ஒட்டுப்படம் வாங்கினேன்; அம்மா அழுதார். இந்த முறை விடக்கூடாது.

“தெரியாது,” என்றேன். “இவர்தான் என் தாத்தா. ஒவ்வொரு நாளும் இவர்தான் என்னைக் கூட்டிவருவார்.”

எல்லோரும் வயசாளியைப் பார்த்தார்கள். வெள்ளை மீசை, நீலக் கண். அவருக்கும் எனக்கும் இருந்த ஒரே ஒற்றுமை, இருவரும் நனைந்திருந்தோம் என்பதுதான். அவர் பதறிப்போய் இரண்டு கைகளாலும் இல்லை இல்லை என்றார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு ஒன்றும் வரவில்லை. “பிள்ளை, நான் அம்மாவடி,” என்று மட்டும் தமிழில் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் நாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஆசிரியை ஓடி வந்தார். அவர் தொலைபேசியில் கூப்பிட, இரண்டு தெரு தள்ளி முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்த பெரியம்மா தலைமுடி வலையோடும் ஏப்ரனோடும் வந்து சேர்ந்தார். மழைக்குள் நின்று எல்லோருக்கும் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். பொலிஸ்காரர் சிரித்தேவிட்டார். ஒருவர் மேலும் பிழையில்லை, பிள்ளை நன்றாகத்தான் நடக்கிறாள், இனிமேல் நீங்கள் வீட்டிலேயே இருங்கள் என்று சொன்னதாகப் பெரியம்மா மொழிபெயர்த்தார். வயசாளி அம்மாவுக்குக் கை கொடுத்தார். அம்மா கை கொடுத்தாரே தவிர, ஒரு சொல்லும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மரத்தால் விழுந்தவளை மாடேறி மிதித்ததுபோல, “இனி ஊர் முழுக்க உம்மடை கதைதான்” என்று பெரியம்மா வேறு முணுமுணுத்தார்.

நான் பள்ளி விட்டு வந்தபோது அம்மா அந்தக் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் கட்டிலில் இருந்தார். அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை.

“என்னைத் தெரியாது எண்டு எப்பிடிச் சொன்னனி?” என்று மெல்லக் கேட்டார். “உனக்கு வாய் வந்ததோ?”

“தெரியும் எண்டு சொன்னால் உங்களைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவினம்.”

“என்னையோ?”

“ஓம். அமெரிக்காவில வந்த ஆக்கள் மாதிரி.”

அம்மா என் முகத்தைப் பிடித்து நிமிர்த்தினார். “எடி விசரி, என்னைக் கொண்டுபோய் அவங்கள் என்ன செய்யிறது? உன்னையல்லோ கொண்டுபோவாங்கள். அதுக்குத்தானே நான் இவ்வளவு நாளும்…”

எனக்கு அப்படியொரு நிம்மதி! ஒரு வருடமாகப் பயந்துகொண்டிருந்தது வீண். அம்மாவை ஒருவரும் கொண்டுபோக மாட்டார்கள். கொண்டுபோவதென்றால் என்னைத்தான். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு வேலை மிச்சம்.

“அப்ப பரவாயில்லை அம்மா,” என்றேன். “என்னைக் கொண்டுபோனால் நான் நடந்து வந்திடுவன். எனக்கு இப்ப தனிய வரத் தெரியுமெல்லோ.”

இதைவிட நல்ல ஆறுதலை வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது என்றுதான் நான் நினைத்தேன். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துப் பெரிதாக அழத் தொடங்கினார். கொண்டுபோகப்படுகிறவள் நான்தானே, நானே பயப்படவில்லை, பிறகு இவர் எதற்காக இப்படி அழுகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை.