ஆலைச் சத்தத்தில் கெட்ட பதினோரு முட்டைகள்

காலை ஆறு பத்து. மாடியிலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டவர் வீட்டுக்காரர். ஒரு முட்டையைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டார்ச் வைத்த செல்போன் வந்த புதிது. புதுவாயலில் அப்போது எல்லோரும் எதையாவது காதில் வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். கோழியை அடை வைத்து அன்றோடு இருபத்தொரு நாள்.

"உள்ள தட்டிக்கினு கீது சார்," என்றார்.

வாங்கிக் கேட்டேன். நெடுஞ்சாலையில் போகும் லாரிதான் கேட்டது.

எல்லாம் ஒரு விருந்தில் தொடங்கியது. வீட்டுக்காரரின் மகன் ஐடிஐ முடித்துவிட்டு இரண்டு வருடமாக வேலையில்லாமல் இருந்தான். ஊரை ஒட்டியிருந்த கம்பி ஆலையில் அவனைச் சேர்த்துவிட வேண்டும் என்பதே அவருக்கு ஒரே நினைப்பு. ஆளெடுக்கும் அதிகாரியை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்தார். மாடியில் பத்திரிகை நிருபர் குடியிருப்பது தெரியட்டும் என்று என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார். மனைவி வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல், வீட்டில் இருந்த ஒரே சேவலை அறுத்தார். அதிகாரி நன்றாகச் சாப்பிட்டார். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் அவர் எதையும் பார்க்கவில்லை. ஒரு சேவல் போதவில்லை என்று வீட்டுக்காரர் முடிவுக்கு வந்தார். அப்போதுதான் கோழி பதினோரு முட்டையிட்டு அடைக்கு உட்கார்ந்தது. பொரிக்கும் குஞ்சுகள் வளர்ந்தால் அடுத்தடுத்த விருந்துகளுக்கு ஆகும். கூடையில் வைக்கோல் போட்டு, இடிச் சத்தத்தில் முட்டை கெடாமலிருக்க வழக்கம்போல ஓர் இரும்புத் துண்டையும் வைத்தார். அந்தத் துண்டும் ஆலை வாசலில் பொறுக்கியதுதான்.

எட்டாம் நாள் பகலில் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, என் செல்போன் டார்ச்சின் மேல் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி வைத்து ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தேன். கால்நடைத் துறைப் பயிற்சி ஒன்றைச் செய்திக்காகப் போய்ப் பார்த்துக் குறித்து வைத்திருந்தவன் நான். கருப்பிடித்த முட்டையில் நான்காம் நாளே சிவப்பு இழைகள் சிலந்திக் கால்போலப் பரவிவிடும். நடுவே கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி தெரியும், அது கண். எட்டாம் நாள் உள்ளே ஓர் அசைவு இருக்கும். இருபதாம் நாள் வாக்கில் குஞ்சு அகன்ற முனையிலுள்ள காற்றறைக்குள் அலகை நுழைத்து முதல் மூச்சு விடும். பிறகுதான் அலகு நுனியிலுள்ள சிறு முள்ளால் ஓட்டைக் குத்தும். இந்தப் பதினொன்றிலும் இழையும் இல்லை, புள்ளியும் இல்லை. மஞ்சள் கருவின் நிழல் மட்டும் மிதந்தது.

"தோ கண்ணு, என்னையே பாக்குது," என்றார் வீட்டுக்காரர்.

சேவல் இல்லாமல் கரு எப்படிப் பிடிக்கும் என்று கேட்டேன்.

"பழகின கோழி சார். அதுக்கு ஞாபகம் இருக்கும்."

முழுக்கத் தவறென்று சொல்ல முடியாது. சேவலோடு சேர்ந்த பிறகு இரண்டு மூன்று வாரம்வரை கோழியின் உடம்புக்கு அந்த ஞாபகம் இருக்கத்தான் செய்யும். விருந்து முடிந்து இரண்டு மாதமாகியிருந்தது.

இருபத்து மூன்றாம் நாள் கோழியே கூடையை விட்டு எழுந்து போய்விட்டது. வீட்டுக்காரர் அசரவில்லை. ஆலையில் கம்பி இழுக்கும் சத்தத்தில்தான் முட்டைகள் கெட்டன என்றார். வைத்திருந்த இரும்பு என்னவாயிற்று என்று கேட்டேன்.

"இடிக்கு இரும்பு வச்சா அடங்கும் சார். இரும்புக் கம்பெனிக்கு எத்த வைக்கிறது?"

நஷ்டத்துக்கு ஈடாக மகனுக்கு வேலை கேட்டு மனு எழுதினார். நான் உடன் வர வேண்டும், செய்தியும் போட வேண்டும். "கூமுட்டைய கூடைல எடுத்துக்கினு வேல கேக்கப் போறாரு," என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். அவர் காதிலும் விழும்படியாகத்தான் சொன்னார்.

ஆலை வாசலுக்கே அதிகாரி வந்தார். வெயிலில் கூடை லேசாக நாறியது. மனுவைப் பொறுமையாகப் படித்தார். பல்லடம் பக்கத்துக்காரர், கோழி தெரிந்தவர்.

"வீட்ல சேவல் இருக்கா?" என்றார்.

"இருந்துச்சு சார். நீங்கதான சாப்ட்டீங்க."

வாட்ச்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிகாரி மனுவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னை ஒருமுறை பார்த்தார். திங்கட்கிழமை மகனை அனுப்பச் சொன்னார்.

அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். படித்த ஃபிட்டர் வேலை இல்லை. பழைய இரும்பை லாரியிலிருந்து இறக்கும் கான்ட்ராக்ட் வேலை. பத்திரிகைக்காரன் கூட நின்றதால் கிடைத்தது என்று வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொன்னார். அவர் மனைவி பொன்னேரிக்குப் போய் ஒரு சேவல் வாங்கி வந்தார்.

செய்தியை நான் அனுப்பவில்லை. அந்த விருந்தில் சேவலின் ஒரு கால் அதிகாரியின் இலையில் இருந்தது. இன்னொரு கால் என் இலையில் இருந்தது.