முத்துமாரியம்மாள் காத்த சுவர்

புதுக்கோட்டையில் திருமயம் பஸ்கள் திரும்பும் இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சுவர் இருக்கிறது. பெயிண்ட் வேலை பார்க்கும் முத்துமாரியம்மாள்தான் போன வருஷம் அதற்கு ரோலர் உருட்டினாள். அது புதுமாதிரி பெயிண்ட். வெயில் பட்டால் வண்டிப்புகையின் நஞ்சைக் கொஞ்சம் சிதைக்குமாம். "மேல எதையும் ஒட்ட விட்டுறாதீங்கம்மா. வெயில் படலேன்னா வேலைக்காகாது" என்று இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போனார்.

சுவருக்கு எதிரேதான் அவள் வீடு. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டியே நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட அவள் புருஷன் அடைக்கலம், ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சுக்குத் திண்டாடினார். ஒரு சுவர் எவ்வளவு புகையைத் தின்னும் என்று அவளுக்குத் தெரியாது. இருந்தாலும் கண்ணும் கருத்துமாகக் காத்தாள்.

நம் ஊரில் வெறும் சுவரைச் சும்மா விடுவார்களா? காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று விடிந்தால் ஒரு போஸ்டர். அவளும் சுவருக்குப் பட்டி பூசும் தகட்டால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டுக் காத்தாயி தன் மாமியாருக்கு ஒட்டிய கண்ணீர் அஞ்சலியையும் விட்டுவைக்கவில்லை. "எங்க அத்த மொகத்தையே சொரண்டிட்டாளே, இவ வெளங்குவாளா?" என்று காத்தாயி மண்ணை வாரித் தூற்றினாள். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. முத்துமாரியம்மாளுக்கும் அது உறுத்தாமல் இல்லை.

மார்கழியில் அடைக்கலம் போய்ச் சேர்ந்தார்.

உடம்பை ஆண்கள் தூக்கிப் போனதும், முச்சந்திவரை அழுதுகொண்டு போன பெண்கள் திரும்பினார்கள். அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். சுவரின் நடுவே காக்கிச்சட்டையில் அடைக்கலம் சிரித்துக்கொண்டிருந்தார். காலையில் கொழுந்தன் கோபிநாத் ஆள் வைத்து ஒட்டியிருக்கிறான். பசை இன்னும் காயவில்லை.

"இருந்துட்டுப் போகட்டும் ஆத்தா, ஒம் புருசந்தானே" என்றாள் ஒரு கிழவி.

அவள் வீடு கழுவ வைத்திருந்த குடத்தைத் தூக்கி வந்து போஸ்டரின் மேல் ஊற்றினாள். பட்டித் தகட்டை எடுக்க மனம் வரவில்லை. "வாங்க, நம்ம வீட்டுக்குப் போயிருவோம்" என்று வாய்விட்டு அழுதபடி, ஒரு முனையை நகத்தால் நெம்பினாள்.

மறுமுனையை இன்னொரு கை பிடித்தது. காத்தாயி.

"வெடுக்குனு இழுக்காத, மாரி. எங்க அத்த மொகந்தான் கிழிஞ்சு போச்சு. இதாவது முழுசா வரட்டும்."

முகம் கிழியாமல் வந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து ரோட்டைக் கடந்தார்கள். திருமயம் பஸ் ஒன்று அவர்களுக்காக நின்றது.