பாலத்தில் கேட்காமல் போன பேச்சு

ஞாயிறுதோறும் எங்கள் பழைய காரில் திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கம் போவோம். காவிரிப் பாலம் நெடுக என் மனைவி பேசிக்கொண்டே வருவாள். எனக்கோ வேகம் போதவில்லை. வீடு கட்ட வைத்திருந்த பணத்தில், இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை ஊதித் தள்ளும் சூப்பர்சார்ஜர் வாங்கினேன். அரியமங்கலம் மெக்கானிக் பானெட்டை வெட்டி, ஒரு மாதம் மல்லுக்கட்டி அதை மாட்டினார்.

கார் பறந்தது. அது போட்ட கூச்சலில் அவள் பேச்சு எதுவும் கேட்கவில்லை. "என்ன? என்ன?" என்று எரிந்து விழுவேன்.

"ஒண்ணுமில்லைங்க" என்பாள்.

நாளாவட்டத்தில் அவள் வாயே திறக்கவில்லை. மனசு கேட்காமல் சூப்பர்சார்ஜரைக் கழற்றிப் போட்டேன். மறுபடி பாலம் வந்தது.

"ஏன் பேசாம வரே?"

"பழக்கம் விட்டுப்போச்சுங்க."

இப்போதெல்லாம் பாலத்தில் நான்தான் பேசிக்கொண்டு போகிறேன். அவள் 'உம்' கொட்டுகிறாள்.