விரதக்காரியின் தூண்டில்

கந்தசஷ்டி விரத நாட்களில் நான் மீன்பிடிப் போட்டிக்குப் போனது உண்மை. அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. இத்தாலியில், இந்தப் பலேர்மோவில் இருக்கும் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அது அன்றைக்கே தெரிந்துவிட்டது. மீதிப் பேருக்கு என் மச்சாள் சொல்லியிருப்பார். அவர் சொல்லாமல் விட்டதை நான் எழுதுகிறேன்.

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. எங்கள் கோயிலில் பூமாலை கட்டும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. யாரும் அவரைத் தெரிவு செய்யவில்லை. பூக்கூடை எப்போதும் அவருக்கு முன்னால்தான் இருக்கும், அவ்வளவுதான். நான் இந்த ஊருக்கு வந்த வருடத்திலிருந்து சஷ்டிக்கு அங்கே உட்கார்ந்து மாலை கட்டுகிறேன். வேறு எந்த நாளில் கோயிலுக்குப் போகாவிட்டாலும் அந்த நாட்களில் போவேன். பாலும் பழமும் மட்டும் சாப்பிட்டு, பசியோடு பூக்கட்டும்போது வருகிற ஒரு அமைதி எனக்குப் பிடிக்கும்.

என் கூட்டாளி மன்னார்க்காரி. வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள்; மீன்பிடிக்கிற கடற்கரைக் குடும்பம். அல்பெர்கேரியா என்ற பழைய பகுதியில் நாங்கள் இருவரும் ஒரே கட்டடத்தில், ஒரே படிக்கட்டில் குடியிருக்கிறோம். கிழமை நாட்களில் நான் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்கிறேன். அவள் வீடுகள் துப்புரவாக்குகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்து, சியாகுல்லியின் மண்டரின் தோடைத் தோட்டங்களுக்கு அப்பால் இருக்கும் ஒரு குளத்துக்கு வேலைக்குப் போவோம். குளம் என்றால் மண்ணை வெட்டி, தண்ணீர் நிரப்பி, கெண்டை மீன்களை வளர்த்து, காசு வாங்கிக்கொண்டு தூண்டில் போட விடுகிற தனியார் குளம். அதன் கரையில் ஒரு சாப்பாட்டுக்கடை. அந்தக் கடையின் குசினியையும் கக்கூசையும் கழுவுவதுதான் எங்கள் வேலை.

கழுவி முடிந்தபின் பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒருநாள் குளத்து முதலாளி இரண்டு பழைய தூண்டில் தடிகளைத் தந்து, சும்மா இருக்காமல் போட்டுப் பாருங்கள் என்றார். ஏன் தந்தோம் என்று அவர் பிறகு பலமுறை யோசித்திருப்பார். நாங்கள் விடவில்லை. மழைக்குப் போட்டோம், வெயிலுக்குப் போட்டோம். தக்கை தண்ணீருக்குள் போகிற அந்த ஒரு கணத்தில் சிஞ்ஞோராவின் மருந்தும் வீட்டு வாடகையும் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியும் தலையிலிருந்து போய்விடும். பிடித்த மீனைக் கையோடு தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது குளத்தின் சட்டம். மீனும் தப்பியது, நானும் தப்பினேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அங்கே வருடத்துக்கு ஒரு சோடிப் போட்டி நடக்கும். சோடியில் ஒருவர் ஒரு கரையில், மற்றவர் எதிர்க்கரையில் இருக்க வேண்டும். இருவரும் பிடித்ததைச் சேர்த்து நிறுத்து முடிவு சொல்வார்கள். போன வருடம் நாங்களும் பெயர் கொடுத்தோம். கடைசியாக வந்தோம். கடைசியாக வந்தது பெரிய விஷயமில்லை, வந்த விதம்தான்.

போட்டியில் பிடிக்கிற மீனை நிறுக்கும் வரை உயிரோடு வைத்திருக்க, தண்ணீருக்குள் தொங்கும் ஒரு நீளமான வலைப்பை தருவார்கள். அதுவரை நாங்கள் அதைப் பயன்படுத்தியதில்லை. நான் பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்துச் செய்ததால் தப்பிவிட்டேன். அவளோ அது அழுக்குத் துணி போடுகிற பை என்று நினைத்து, உதறி மடித்துக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டாள். நிறுக்க வேண்டும் என்றதும், பிடித்த கெண்டைகளைச் செவுள் வழியாகக் கயிற்றில் கோத்து, கோர்வையாகத் தூக்கிக்கொண்டு தராசடிக்கு வந்தாள். மன்னாரில் மீன் அப்படித்தான் வீட்டுக்குப் போகும். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். செத்த மீன் கணக்கில் சேராது என்றார்கள். ஒருவன் கிலோ என்ன விலை என்று கேட்டான். கரை முழுவதும் சிரித்தது.

அவள் அழவில்லை. அடுத்த ஞாயிறு முதல் தூண்டிலைத் தொடவுமில்லை. நான் தனியாகப் போட்டேன், அவள் பஸ் தரிப்பில் போய் இருந்தாள். இந்த வருடம் போட்டி அறிவித்ததும் அவளைக் கேட்காமலே இரண்டு பேரின் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் என்னோடு ஒரு முழு நாள் சண்டை பிடித்தாள். கடைசியில் ஒன்று சொன்னாள்.

"சரி, வாறன். ஆனால் இந்தமுறையும் கடைசியெண்டால், நான் அங்கை கழுவ மட்டும்தான் வருவன். பிறகு என்னை ஒண்டும் கேக்கக்கூடாது."

அவள் சொன்னால் சொன்னதுதான். சோடியில்லாமல் எனக்கு என்ன போட்டி? அதைவிட, அவளை அந்தச் சிரிப்போடு பஸ் தரிப்பிலேயே விட்டுவிட எனக்கு மனமில்லை.

போட்டி சஷ்டிக்குள் வந்தது என் குற்றமில்லை. அது இத்தாலியர்களின் ஞாயிற்றுக்கிழமை, இது எங்கள் முருகனின் நாட்காட்டி. இரண்டும் என்னைக் கேட்டு முடிவெடுக்கவில்லை.

முதல்நாள் பின்னேரம் என் குசினியில் தூவுகிற தீனி குழைத்துக்கொண்டிருந்தோம். மீனைக் கூட்டுவதற்காகத் தண்ணீரில் போடும் மா அது. பிட்டுக்கு மா குழைக்கிற பதம்தான்: கையில் பிடித்தால் நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். இரண்டு பேரின் கைகளும் மாவாக இருந்தபோது மச்சாள் போனில் வந்தார். முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினேன். அதனால் எல்லாவற்றையும் அவளும் கேட்டாள்.

"நாளைக்கு மீன் பிடிக்கப் போறீராம். உண்மையோ?"

"ஓம் மச்சாள். பின்னேரம் பூசைக்கு வந்திடுவன்."

"விரதத்தோடையோ?"

"தின்னப் போறனோ? பிடிச்சிட்டு விடுறதுதானே."

"தின்னுறது வேறை கதை. தின்னாத ஆக்கள் ஆர் இருக்கினம்? எங்கடை ஆக்கள் தூண்டில் பிடிக்கிறேல்லை. அது கடற்கரை ஆக்களின்ரை வேலை. ஆரோடை சேர்ந்து திரியிறீர் எண்டு எங்களுக்குத் தெரியாதெண்டு நினைக்காதேயும். நாளைக்கு அங்கை போனால், பிறகு பூவிலை கைவைக்க வரவேண்டாம்."

போன் நின்றது. என் கணவர் முன்னறையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். வழக்கமாக அவருடைய கருத்து அதுதான்.

கூட்டாளி கையிலிருந்த மாவைச் சுரண்டிச் சட்டிக்குள் போட்டாள். "நீ கோயிலுக்குப் போ," என்றாள். "நான் முதலாளிக்குச் சொல்லி விடுறன். எனக்கு இது பழக்கம்."

பழக்கம் என்ற அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. மச்சாள் மீது வந்த கோபத்தைவிட, அவள் கோபப்படாமல் இருந்தது எனக்கு ஆத்திரத்தைத் தந்தது. இந்த ஊரில் நாங்கள் எல்லோரும் ஒரே வேலை செய்கிறோம், அனுமதிக்காக ஒரே குவெஸ்துராவின், பொலிஸ் கந்தோரின், வரிசையில் நிற்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது மச்சாள் எத்தனையோ நல்ல பொருட்களை விட்டுவிட்டு வந்தார். இதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார்.

"நீ மாவைக் குழை," என்றேன். "விடியப் போறம்."

காலையில் குளித்து, திருநீறு பூசி, ஒரு தம்ளர் பால் குடித்துவிட்டுப் புறப்பட்டேன். கூட்டாளி இரவல் வாங்கிய ஒரு பழைய காரில் போனோம். குலுக்கலில் அவளுக்கு நிழற்கரை கிடைத்தது. எனக்கு வெயில் கரை. என் பக்கத்தில் இருந்தவன் போன வருடம் மீன் விலை கேட்ட அதே ஆள். அவனிடம் ஒரு சின்னக் கடை வைக்கிற அளவுக்குச் சாமான் இருந்தது. இன்றைக்குக் கக்கூசு யார் கழுவுவது என்று என்னைக் கேட்டான். தேவையென்றால் வாளி பின்பக்கம் இருக்கிறது என்றேன்.

விசில் அடித்தார்கள். எல்லோரும் வெள்ளைப் புழுக்களைக் கொளுவிப் போட்டார்கள். அங்கே அதுதான் நிச்சயமான இரை. மீன் உடனே எடுக்கும். நான் தகர டப்பாவை உடைத்து ஒரு சோளமணியைக் கொளுவினேன். விரதத்தில் உயிரோடு நெளிகிற புழுவை நான் குத்த மாட்டேன். மீன் வாய் நோகத்தான் செய்யும், தெரியும். ஆனால் அது திரும்பித் தண்ணீருக்குப் போகும், புழு எங்கே போகும்? மச்சாளுக்கு இந்தக் கணக்கு விளங்காது. முருகனுக்கு விளங்கும் என்று நம்பினேன்.

காலை முழுவதும் என் தக்கை அசையவில்லை. பக்கத்து ஆள் சின்னச் சின்ன மீன்களாக இழுத்துக்கொண்டே இருந்தான். எதிர்க்கரையில் கூட்டாளியும் புழுப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் வலைப்பைக்குள் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல இறக்கினாள். நடுவில் எனக்குப் போன் எடுத்தாள்.

"உன்ரை பை வெறுமையாக் கிடக்கு. இஞ்சையிருந்து தெரியுது."

"பொறு."

"நான் மட்டும் பிடிச்சுக் காணாது. இண்டைக்கு ஒரு நாளைக்குப் புழுப் போடு. தோக்கப் போறமடி."

"மாட்டன்."

"ஏன் இந்தப் பிடிவாதம்?"

"நான் விரதம்," என்றேன். "அதை விட்டுட்டு வெண்டால், மச்சாள் சொன்னது சரியெண்டாகிடும்."

எதிர்க்கரையில் அவள் குனிந்து தன் பையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு, "அப்ப தீனியைக் கிட்டப் போடு, கரையோடை," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பசி வேறு. மத்தியானம் பக்கத்து ஆள் பெரிய பாண் ஒன்றை இறைச்சியோடு கடித்துக்கொண்டு எனக்கும் வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவன் என் வெறும் வலைப்பையைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையை ஆட்டினான். சிரிப்பைக்கூடத் தாங்கலாம், அந்தத் தலையாட்டலைத் தாங்க முடியவில்லை. அவள் சொன்னபடி கரையோரம் தீனியைத் தூவி, சோளத்தை அதன் நடுவே இறக்கினேன்.

வெயில் சாயத் தொடங்கியபோது தக்கை போயிற்று. அசையவில்லை, ஆடவில்லை, போயே விட்டது. தடி வளைந்து என்னைக் கதிரையிலிருந்து எழுப்பியது. சோளத்தைச் சின்ன மீன்கள் சீண்டுவதில்லை. காலை முழுவதும் அது கிடந்தது பெரியவர்களுக்காக. இப்போது பெரியவர்கள் கரைக்கு வந்திருந்தார்கள். முதல் கெண்டை கைவலைக்குள் அடங்கவில்லை, வால் வெளியே கிடந்தது. அதை இறக்கிவிட்டு மறுபடி போட்டால் இன்னொன்று. பக்கத்து ஆள் புழுவைக் கழற்றிவிட்டு, என்னிடம் கொஞ்சம் சோளம் இருக்குமா என்று கேட்டான். டப்பாவை அவன் பக்கம் தள்ளினேன். கொடுக்காமல் விட்டால் அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று பெருந்தன்மையாகச் சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், இனி நேரம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

விசில் அடித்ததும் தூண்டிலைக் கரையில் வைத்தேன். தராசை இந்தமுறை அவர்களே எங்களிடம் கொண்டுவந்தார்கள். கூட்டாளியின் வலைப்பையில் எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன. முதலாளி ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, உயிரோடு என்று எழுதுபவரிடம் உரத்துச் சொன்னார். அவள் நிமிர்ந்து நின்றாள். என்னுடையதையும் சேர்த்தார்கள். நாங்கள் மூன்றாவது.

அந்த ஆளின் சோடி எங்களுக்குக் கீழே வந்தது. நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன். விரதக்காரி அப்படிச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை, சிரித்தேன்.

மூன்றாம் பரிசு ஒரு முழுப் பன்றித்தொடை. உப்பிட்டுக் காயவைத்தது. அதை என் இரண்டு கைகளிலும் வைத்துப் படம் எடுத்தார்கள். கூட்டாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தக் கரையில் அவள் சிரித்தது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்து, தோய்த்த சேலை கட்டி, அவளுடைய கதவைத் தட்டினேன்.

"வா, கோயிலுக்கு."

"விசரோ உனக்கு? பண்டித்தொடையைக் குசினிக்குள்ளை வைச்சிட்டு நான் கோயிலுக்கு வாறதோ?"

"அது உன்ரை குசினி. முருகன் அங்கை வரமாட்டார்."

மலைமேல் இருக்கும் இந்த ஊர்ப் புனிதையின் குகைக்கு நாங்கள் எல்லோரும் வெறுங்காலோடு ஏறுகிறோம். நீ வேதமா சைவமா என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. அதைச் சொன்னேன். அவள் நெடுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, சேலை மாற்றப் போனாள்.

கோயில் மண்டபத்தில் பெண்கள் வட்டமாக இருந்தார்கள். பல்லரோச் சந்தையில் வாங்கிய பூக்கள் கூடை நிறைய இருந்தன. நான் உட்கார்ந்து, அவளையும் என் பக்கத்தில் இருத்தினேன். மச்சாள் நூற்கட்டையை எடுத்துத் தன் முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"நேற்றுச் சொன்னனான். பூவிலை கைவைக்காதேயும்."

"குளிச்சிட்டுத்தான் வந்தனான் மச்சாள்."

"குளிச்சாலும் போகாது."

"எது போகாது? மீன் மணமோ, இல்லாட்டி இவளோ?"

மச்சாள் கூடையைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை.

"கிழமை முழுக்க நாங்கள் எல்லாரும் ஊரான் வீட்டுக் கக்கூசு கழுவுறம். நீங்களும்தான். அந்தக் கையைக் கழுவிப்போட்டுத்தான் இஞ்சை பூக் கட்டுறம். அது போகுமெண்டால் இதுவும் போகும்."

எதிரில் இருந்த ஒரு பெண் மெதுவாகக் கை நீட்டி ஒரு பிடி பூவை எங்கள் பக்கம் வைத்தாள். நூல் வரவில்லை. கூட்டாளி தன் கைப்பையைத் திறந்து, காலையில் மிஞ்சிய தூண்டில் நரம்பை எடுத்தாள். நைலோன் வழுக்கும், பூ நிற்காது என்று நான் முணுமுணுத்தேன். அவள் ஒவ்வொரு காம்புக்கும் வலை முடிச்சுப் போட்டாள். ஒன்றும் வழுக்கவில்லை. நான் பூவை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். இன்னும் இரண்டு பேர் தங்கள் பூக்களை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். மச்சாள் எழுந்து போய்த் தூணடியில் நின்றார்.

பூசைக்கு நேரமாகிவிட்டது. ஐயர் அவசரமாக வந்து, கட்டி முடிந்த மாலைகளில் நீளமானதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். யார் கட்டியது என்று அவர் கேட்கவில்லை. மணி அடித்தது, திரை விலகியது.

கூட்டாளி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தூணடியில் மச்சாள் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, கண்ணீர் வரக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். முருகன் கழுத்தில் இவள் கட்டிய மாலை கிடந்தது.