துண்டில் இல்லாத பேர்

போன வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டாவது கிழமை, கல்முனையில் நடந்தது இது. என் முதலாவது சிறுகதைத் தொகுதி வெளிவர இருந்த நேரம். விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. முகநூலில் அட்டைப்படம் போட்டேன். எல்லாரும் பெருவிரலைக் காட்டிவிட்டுப் போனார்களே தவிர, வருகிறேன் என்று ஒருத்தரும் எழுதவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஒலிபெருக்கியில் ஊரெல்லாம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பவர் ஒருவர் எங்கள் பக்கம் இருக்கிறார். அவருக்கு முக்கிய வேலை ஜனாஸா அறிவித்தல், அதாவது மரண அறிவித்தல். யாராவது மௌத்தானால் இன்னாரின் மகனும், இன்னாரின் மருமகனும், இன்னாரின் சகோதரருமாகிய என்று உறவுகளை ஒழுங்காகச் சொல்லி, கடைசியில்தான் ஆளின் பேரைச் சொல்வார். அந்தக் குரல் கேட்டால் போதும், பெண்கள் அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். எனக்கும் அதுதானே வேண்டும்! துண்டொன்று எழுதிக் கொடுத்தேன். தெரியாதவர்களுக்கும் ஆளைத் தெரியட்டும் என்று வாப்பாவின் பேர், மாமனாரின் பேரெல்லாம் போட்டேன். காக்காவின் பேரைப் போடவில்லை.

காக்கா என் கூடப் பிறந்த மூத்தவர். நாங்கள் கதைத்து அப்போது நாலு வருஷம். பிழை என்னுடையது. அவருக்குத் திக்குவாய். அவருடைய நிக்காஹ்வில் 'ஏற்றுக்கொண்டேன்' என்ற சொல் வராமல் சபையே காத்துக்கொண்டிருந்ததை நான் சிரிப்புக் கதையாக எழுதி, அது பத்திரிகையில் வந்தது. சந்தையில் கடை வைத்திருந்த அவரை அந்தக் கதையைச் சொல்லியே பகிடி பண்ணினார்கள். அதோடு என் வீட்டு வாசலை மிதிப்பதை அவர் நிறுத்திவிட்டார். தொகுதியில் முதல் கதையும் அதுதான். நல்ல கதை என்று எனக்குப் பெருமை வேறு.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் ஆட்டோ புறப்பட்டது. நான் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு, வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். முதலில் பக்கத்து வீட்டு மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். என்னைக் கண்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உசிரோட இரிக்கிற மனிசனுக்கு என்னத்துக்கு வாப்பாட பேரெல்லாம்?"

எனக்குச் சிரிப்பு. என் மனைவிக்கு வெட்கம்.

பிறகு கேற்றடியில் சைக்கிள் ஒன்று விழுந்த சத்தம். காக்கா. ஒரு காலில் செருப்பில்லை. கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு வந்திருக்கிறார். நான் எழும்பி நின்றேன். அவர் வாய் திறந்தது. "த... த..." என்றதோடு நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரியும். எடுத்துக் கொடுக்க என் நாக்கு எழும்பவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"தம்பி" என்றார் கடைசியில்.

உயிர் இருக்கிறதா என்பது போல என் கையைப் பிடித்து அமத்திப் பார்த்தார். "நீ ஹயாத்தோட இரிக்காய்" என்று சொல்லிவிட்டுப் படியில் குந்தி அழத் தொடங்கினார். நானும் அழுதேன்.

அறிவித்தலில் தன் பேரைக் கேட்டிருக்கிறார். அடுத்து என் பேர். அதற்குள் ஆட்டோ வேறு தெருவுக்குத் திரும்பிவிட்டது. சிறுகதைத் தொகுதி என்பது அவர் காதில் விழவே இல்லை.

ஆட்டோ எங்கள் தெருவுக்கு வந்தபோது, காக்காவின் பேர் எப்படி வந்தது என்று அறிவிப்பாளரைக் கேட்டேன். அவர் ஏதோ எனக்கு உதவி செய்தவர் போலச் சிரித்தார்.

"துண்டுல காக்காட பேர் விடுபட்டிருந்திச்சு சேர், நான் சேத்துட்டன். மூத்தவர உட்டுட்டுச் சொன்னா ஊர் என்னெண்டு நினைக்கும்?"

அடுத்த நாள் காலையில் அச்சகத்துக்குப் போய் முதல் கதையை எடுத்துவிடச் சொன்னேன். பக்க எண்ணெல்லாம் மாறும் என்று அவர்கள் முணுமுணுத்தார்கள். மாறட்டும் என்றேன். புத்தகம் கொஞ்சம் மெலிந்துதான் வந்தது.

காக்கா இப்போது வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறார். கதைக்கும்போது இன்னும் சொல் சிக்கும். அது வரும்வரை நான் பேசாமல் இருப்பேன், 'தம்பி' என்ற சொல்லுக்காக அன்று நின்ற நிற்பு எனக்கு மறக்காது.