வேட்பாளர் தேர்வன்று போட்ட பந்தி

அந்தக் கதவில் கையகலத்துக்கு ஒரு கண்ணாடி இருந்தது. கனடாவில், மாண்ட்ரியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பேட்டையில் ஒரு சர்ச் கூடம். எழுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். புடவைமேல் ஏப்ரன் கட்டிய நாங்கள் மாறி மாறி அதன் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே டாக்டர் மாமா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு விழ வேண்டிய வாக்குகள் அத்தனையும் வெளியே நின்றன.

சொந்த மாமா இல்லை. மாண்ட்ரியலுக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் அவர் மாமா. ஊரில் கைராசிக்காரர் என்று பெயரெடுத்த டாக்டர். இங்கே அந்தப் பட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல்கூட இல்லாத லேபில், வருஷக்கணக்காக ரத்தம் சோதித்துக்கொண்டிருந்தார். "எத்தனை மனு போட்டாலும் கேக்க மாட்டேங்கறான். சட்டசபைக்கே போய்க் கேட்டாத்தான் உண்டு" என்று கட்சியில் சேர்ந்தார், வேட்பாளராக நிற்கவும் துணிந்துவிட்டார்.

கொஞ்ச காலம் அமெரிக்காவில் படித்தவர். அந்த ஊர் அரசியலை எங்களுக்கு விளக்குவதில் அவருக்குத் தனி ருசி. "அங்க பிரைமரின்னு ஒண்ணு. யார் வேட்பாளர்னு ஜனங்களே ஓட்டுப் போட்டுச் சொல்லுவா. ஒவ்வொரு மாநிலமா அலையணும், பணம் தண்ணியா ஓடும். அதுக்காகவே விருந்து வெச்சு, தட்டுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணுவா." இங்கே அவ்வளவு அலைச்சல் இல்லை, கட்சி அட்டை உள்ளவர்கள் ஒரு கூடத்தில் கூடி வாக்களித்தால் தீர்ந்தது. எங்கள் எல்லோரையும் உறுப்பினராக்கிவிட்டு, செலவுக்காக ஒரு விருந்து போடலாமா என்று மாமியைக் கேட்டார். மாமி கொதித்துப் போனாள். "சாதம் போட்டுக் காசு வாங்கறதா? வெளில சொல்லிடாதீங்கோ, மானம் போறது!"

அந்த ரோஷத்தில்தான் தேர்வன்று ஊருக்கே இலவசமாகச் சமைத்தாள். கீழ்த்தளத்துச் சமையலறையில் புளியோதரை, வடை, தயிர்சாதம். கட்சிக்குள்ளேயே மாமாவை எதிர்த்து நின்ற ஒரு வக்கீலின் ஆட்களுக்குத்தான் முதல் பந்தி! "நம்ம மனுஷா கடைசில சாப்பிட்டுக்கலாம்" என்றாள். எங்கள் வீட்டு ஆண்கள் பாத்திரம் தூக்க, நாங்கள் ஓடி ஓடிப் பரிமாறினோம். மேலே மணி அடித்தது. வந்தவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு ஏறிப் போனார்கள். எச்சில் மேஜையை அப்படியே விட்டுவிட்டுப் போக எங்களுக்கு மனசு வரவில்லை. துடைத்துவிட்டு மேலே வந்தால் கதவு சாத்தியிருந்தது. வாக்குப்பதிவு தொடங்கினால் உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாதாம்.

"தெசோலே, மதாம்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டான் காவலுக்கு நின்றவன். படுபாவி, இரண்டு தரம் வடை கேட்டு வாங்கித் தின்றவன்! மாமி அவனிடம் கெஞ்சினாள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. உள்ளே மாமா திரும்பிக் காலி நாற்காலிகளைப் பார்த்தார், பிறகு கண்ணாடியில் எங்கள் முகங்களைப் பார்த்தார். அவராலும் எழுந்து வர முடியாது.

இப்போது இதே ஊரில் நம் பிள்ளைகள் தேர்தலில் நிற்கிறார்கள், தட்டுக்குக் காசு வைத்து விருந்தும் நடத்துகிறார்கள். நானும் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் வேட்பாளர் தேர்வென்றால், வாக்கைப் போடும்வரை பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை.

அன்று தோற்றுத் திரும்புகையில் மாமா காரை ஓட்டினார். மாமியால்தான் தாங்க முடியவில்லை. "திட்டுங்கோளேன்! என்னை ஒரு வார்த்தை திட்டித் தொலைக்கப்படாதா?" என்று கத்தினாள்.

மாமா சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "சீக்கிரம் படுக்கணும். நாளைக்குக் காலைல லேபைத் திறக்கணும், சாவி என்கிட்டதான் இருக்கு."